மூன்று பெப்பர்மிண்ட் நேரம்

அலெய்டா ஹாஸ்கெட்டை எங்கள் மெப்பெல் ஊரில் யாரும் வடிவமைப்பாளர் என்று சொன்னதில்லை. ஆராதனையில் ஆர்கன் வாசிப்பவள், லோவெல் ஹாஸ்கெட்டின் மனைவி, காலமான போதகர் பூர்ஸ்மாவின் மூத்த மகள். ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும் என்று ஊர் நினைத்தது. நாற்காலிகள் லோவெலுடையவை. ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய பித்தளைத் தகட்டில் ஹாஸ்கெட் என்று பொறித்திருக்கும். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் புதிய கண்ணாடிக் கட்டிடங்களில் அவற்றை வாங்கிப் போட்டார்கள். மிஷிகன் ஏரிக்கரையில் அவற்றைச் செய்த நாங்கள் வாங்கவில்லை. எங்கள் வீடுகளில் ஹாலந்திலிருந்து வந்தவர்கள் செய்த ஓக் நாற்காலிகள் இன்னும் உடையாமல் இருந்தன. உடையாததை மாற்றுவது எங்களுக்குப் பழக்கமில்லை.

நான் கூய்மன் தொழிற்சாலையின் மாதிரிப் பட்டறையில் இருந்தேன். லோவெல் வரைவதை முதலில் மரத்தில் செய்து காட்டுவது என் வேலை. அவர்கள் இருவரும் வேலை செய்த விதத்தை அதனால் அருகிலிருந்து பார்த்தேன். லோவெல் நன்றாக வரைந்தான். அதற்குமேல் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஓஹையோவில் ஒரு வண்டிப் பட்டறைக்காரருக்குப் பிறந்தவன். கோடு அவன் கைக்கு எளிதாக வந்தது. ஆனால் அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ஜன்னலோரம் நின்றபடியே தின்பான். பேசும்போது நடப்பான். நாற்காலி செய்து பெயர் வாங்கிய அந்த மனிதன் எதன்மீதாவது முழுசாக உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

உட்கார்வது அலெய்டாதான்.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு மூன்று பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் போதகர் சற்று நிறுத்துவார். சபை முழுவதும் காகிதம் சரசரக்கும். எல்லோர் வாயிலும் ஒரு பெப்பர்மிண்ட் போகும். அதைக் கடிக்கக்கூடாது. அது கரையும்வரை அந்தப் பகுதி. அலெய்டாவின் அப்பா அந்த வட்டாரத்திலேயே நீளமாகப் பிரசங்கித்தவர். ஞாயிறு காலையிலும் மாலையிலும் முன்வரிசை மரப்பலகையில் அசையாமல் உட்கார்ந்து வளர்ந்த பெண் அவள். உடம்பில் எந்த எலும்பு முதலில் முனகும், அதை அடக்கினால் வலி எங்கே இடம் மாறும் என்பதெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும்.

லோவெல் புதிதாக ஒரு நாற்காலி வரைந்தால் நான் மாதிரியைச் செய்து அவர்கள் வீட்டுப் பின்கட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோவேன். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒரு பெப்பர்மிண்டை வாயில் போடுவாள். லோவெல் நடந்துகொண்டிருப்பான். மிட்டாய் கரையும். இரண்டாவது. சில சமயம் மூன்றாவதுக்குப் போகவே மாட்டாள்.

"இல்ல," என்பாள்.

"எங்க?" என்பான் அவன்.

அவள் எழுந்து, ஏப்ரன் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, இடத்தைக் குறிப்பாள். குறிப்பதோடு நிற்க மாட்டாள். வளைவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கோடும் இழுத்துவிடுவாள். முதுகுப்பலகையை இரண்டாகப் பிரி என்பாள். இந்தக் காலைப் பின்னால் தள்ளு, இப்போது திமிராக நிற்கிறது என்பாள். அவன் வாதாடுவான். அவள் திரும்ப உட்காருவாள். வரைவது அவன், மறுப்பது அவள். ஒரு பொருள் எதை ஏற்றது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. எதையெல்லாம் மறுத்து இந்த உருவுக்கு வந்தது என்பது தெரிவதில்லை. மறுத்தவளின் வேலை மறைந்துபோவதற்கு அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் எண்ணியிருந்தேன். பிறகு, மறைவதற்கும் மறைக்கப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று கண்டேன்.

ஒரே ஒரு முறை அவள் கேட்டாள். நான் ஆணி அறைந்துகொண்டிருந்தேன்.

"தகட்டுல ரெண்டு பேர் பேரையும் போட்டா என்ன, லோவெல்?"

"ஹாஸ்கெட்னுதானே போட்டிருக்கு? நீயும் ஹாஸ்கெட்தானே."

கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்தான். அவள் சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது பித்தளைத் தகடு அல்ல என்று பின்னால் புரிந்தது. நாலு பேர் முன்னால் அவன் வாயால் ஒரு வாக்கியம்: உட்கார்ந்து பார்த்தவள் இவள்.

அந்த வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கக்கூடிய இடம் ஒன்று வந்தது. கிராண்ட் ராப்பிட்ஸில் ஒரு ஹோட்டலில் தொழிற்சாலை விருந்து. வெளியூர் வியாபாரிகள் நிறையப் பேர். முதலாளி அட்ரியன் கூய்மன் லோவெலைப் புகழ்ந்து பேசி உட்கார்ந்ததும் சிகாகோ வியாபாரி ஒருவர், மனித முதுகைப் பற்றி உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டார். லோவெல் எழுந்து நின்றான், அதாவது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவன் ஓரடி முன்னால் வந்தான். தான் சிறுவனாக இருந்தபோது முன்வரிசை மரப்பலகையில் நீண்ட பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த கதையைச் சொன்னான். எந்த எலும்பு முதலில் முனகும் என்பதைச் சொன்னான். பெப்பர்மிண்டைச் சொன்னான். இன்றும் தன் ஒவ்வொரு நாற்காலியிலும் மூன்று பெப்பர்மிண்ட் நேரம் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னான். மேசைகள் சிரித்துக் கைதட்டின. அவன் வளர்ந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார்கள்.

அலெய்டா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சிகாகோக்காரரின் மனைவி சர்க்கரைக் கிண்ணத்தைக் கேட்டாள், எடுத்துக் கொடுத்தாள். வெளியே வரும்போது நான் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கையை நுழைத்தபடி, "எங்கப்பா பேர மட்டும் சொல்லாம விட்டுட்டான். மறந்திருப்பான்," என்றாள்.

வேலையைத் திருடியதைப் பொறுத்துக்கொண்டவள் அவள். பல மனைவிகள் பொறுத்துக்கொள்கிறார்கள். இது வேறு. அவள் பட்ட வலியை, அவள் அப்பாவின் குரலை, குழந்தை வாயில் மெதுவாகக் கரைந்த இனிப்பை அவன் எடுத்து அணிந்துகொண்டு மேடையில் நின்றிருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சபைக்குப் புதிய கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. நீளப் பலகைகள் வேண்டாம், தனித்தனி நாற்காலிகள் போடலாம் என்று கூய்மன் சொன்னார். எல்லாவற்றையும் தொழிற்சாலையே காணிக்கையாகத் தரும் என்றார். இலவசம் என்றதும் சபையை நடத்தும் மூப்பர்களின் இறையியல் சந்தேகங்கள் தீர்ந்தன. லோவெல் வளைத்த பிளைவுட்டில் ஒரு நாற்காலி வரைந்தான். பார்க்க அழகானது, அவன் வரைந்தவற்றிலேயே அழகானது அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

மாதிரியைக் கொண்டுபோனேன். அவள் வந்து உட்கார்ந்தாள். முதல் மிட்டாய் கரைந்தது. இரண்டாவது பாதியில் அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. இருக்கை லேசாக முன்னால் சரிகிறது. உடம்பு தெரியாமல் வழுக்கி, கடைசியில் முழுப் பாரமும் வால் எலும்பில் வந்து நிற்கிறது. இதை அப்போது நான் அறியவில்லை. நான் பார்த்தது அவள் கையை. அது ஏப்ரன் பைக்குள் போய் சாக்பீஸோடு வெளியே வந்தது. லோவெல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். சாக்பீஸ் மறுபடி பைக்குள் போனது.

மூன்றாவது மிட்டாயையும் முழுசாகக் கரைத்த பிறகுதான் எழுந்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

லோவெல் நடையை நிறுத்தினான். முதல் மாதிரியிலேயே அவள் அப்படிச் சொன்னதே இல்லை. "நெஜமாவா?"

"வேணும்னா நீயே உக்காந்து பாரு. நீதானே உக்காந்து பாக்குற ஆளு."

குத்தலை அவன் கவனித்தானா தெரியவில்லை. உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்தான். கையால் விளிம்பைத் தடவினான். நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் எழுந்துவிட்டான். "ஆமா, நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அவனுக்கு அவள் ஒரு வாய்ப்பு கொடுத்தாள். அவன் சொன்ன கதை உண்மையாக இருந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

எஃகு அச்சு வார்த்தார்கள். அச்சு வார்த்த பிறகு நாற்காலியில் எதையும் மாற்ற முடியாது. வசந்தத்தில் புதிய ஆலயம் திறந்தது. முதல் ஞாயிறு எல்லோரும் நாற்காலியைத் தடவிப் பார்த்தார்கள். போதகர் வைபெங்கா அதற்காகவே தனியாக ஜெபித்தார். இரண்டாவது பெப்பர்மிண்டில் ஒரு சலசலப்பு தொடங்கியது. மூன்றாவதில் சபை முழுவதும் காற்றில் கோதுமை போல அசைந்தது.

ஆர்கன் வாசிப்பவர் சபைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். யார் எழுகிறார்கள், எப்போது பாட்டு என்று பார்ப்பதற்காக மேலே ஒரு சிறிய கண்ணாடி இருக்கும். அலெய்டாவின் பெஞ்சு பழைய ஆலயத்திலிருந்து வந்தது, அவள் அப்பா காலத்தது, தட்டையான ஓக். அதில் உட்கார்ந்து கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பாக மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியை. வேறெங்கும் உட்காராத லோவெல் ஹாஸ்கெட், பிரசங்கத்தின்போது மட்டும் எழ முடியாமல் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்தாக வேண்டிய ஒரே இடம் அது. அவன் பெயர் பொறித்த தகடு அவனுக்குக் கீழேயே இருந்தது.

செலரிக் கீரை பயிரிடும் விவசாயி ஹார்ம் வாசலில் போதகரின் கையைக் குலுக்கியபடி சொன்னார்: "நரகத்தப் பத்தி இனிமே விளக்கவே வேணாம் போதகரே. உக்காந்தாலே விளங்குது."

சிரிப்போடு போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து தேறிய விதவை கிரீட்யே மாலை ஆராதனைக்கு வருவதை நிறுத்தினாள். அவளுடைய காலி நாற்காலியும் அந்தக் கண்ணாடியில் தெரிந்திருக்கும். பழி ஒருவனைக் குறிவைத்துத்தான் கிளம்புகிறது. போகிற வழியில் நிற்பவர்களைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. அலெய்டா கிரீட்யேவின் வீட்டுக்கு வாராவாரம் பட்டாணி சூப் கொண்டுபோனாள். நாற்காலியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

லோவெல் ஒருநாள் என் பட்டறைக்கு வந்து ஒரு சபை நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து நெடுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே, "கார்னி, அன்னிக்கு அவ சாக்பீஸ வெளிய எடுத்தாளா?" என்று கேட்டான்.

"எடுத்தா. திரும்ப உள்ள போட்டுட்டா."

அவன் நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான். வீட்டில் இதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று அலெய்டா பிற்பாடு என்னிடம் சொன்னாள். கேட்க முடியாது. அவள் கெடுத்தாள் என்று சொன்னால், மற்ற எல்லாவற்றையும் அவள்தான் திருத்தினாள் என்று ஆகும். அவள் கட்டிய பொறியில் அழகான பகுதி அதுதான்: உள்ளிருந்து திறக்கும் கதவு, ஆனால் திறக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவன் ஏறக்குறைய ஒரு வருடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் அவனைப் பேசவைத்தவர் கூய்மன். ஹாலந்துக்காரர் சபைகள் பல அதே நாற்காலியை வாங்கவிருந்தன. வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து ஆர்டர் வரவில்லை. மூப்பர் சபை கூடியது. நானும் அதில் ஒருவன். கூய்மன்தான் தலைமை மூப்பர்.

"சகோதரர் ஹாஸ்கெட், மூணு மிட்டாய் நேரம் உக்காந்து பாப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல உக்காந்தீங்களா?"

லோவெல் நின்றுகொண்டிருந்தான். நடக்க இடமில்லாத அறை. தன் தொப்பியைக் கையில் சுற்றினான். "இதுல இல்ல," என்றான். பிறகு, "எதுலயும் இல்ல," என்றான்.

"அப்ப யாரு உக்காந்தது?"

"என் மனைவி. எல்லாத்துலயும் அவதான். சரியில்லைன்னு சொல்லி, எங்கன்னு காட்டி, எப்படின்னு கோடு போட்டுக் குடுத்தது எல்லாம் அவதான். நான் சொன்ன அந்தக் கதையும் அவளோடது."

சொல்லிவிட்டான். அலெய்டா அங்கே இல்லை. அவள் பல வருடம் காத்திருந்த வாக்கியம் அவள் காதில் விழாமல் எட்டு வயோதிகர்கள் நடுவில் விழுந்தது. அவர்களுக்கோ அது முக்கியமாகவே படவில்லை. கூய்மன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அவங்க இதுல உக்காந்து என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னா."

அடுத்த வாரம் அவளை அழைத்தார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை தொப்பியோடு வந்தாள். நாற்காலி சரியில்லை என்று அப்போதே தெரியுமா என்று போதகர் கேட்டார். "தெரியும்," என்றாள். தெரிந்தேதான் நல்லா இருக்கு என்று சொன்னீர்களா? "தெரிஞ்சேதான்." ஏன் என்று கேட்டார்கள். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. இந்த அறையில் சொல்ல மாட்டேன் என்றாள்.

மூப்பர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது. பொய் சொல்லாதே என்ற ஒன்பதாம் கட்டளை மீறப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் திறமை அவர்களிடம் முதன்முதலில் பதிவானது ஒரு பாவமாகத்தான். ஆர்கனிலிருந்து அவளை விலக்குவது, ஞாயிறு காலை சபை முன்னால் எழுந்து அவள் தன் தவற்றை அறிக்கையிடுவது என்று முடிவாயிற்று. எங்கள் சபையில் அது பழைய வழக்கம்; பெரும்பாலும் அவசரக் கல்யாணம் செய்தவர்கள் எழுந்து முணுமுணுத்துவிட்டு உட்காருவார்கள். அவள் உடனே சம்மதித்தாள். அந்த வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைச் சொல்லாமல் கையைத் தூக்கி வாக்களித்தேன்.

அந்த ஞாயிறு அவள் முன்னால் வந்து எங்களைப் பார்த்து நின்றாள். கண்ணாடியில் பார்த்த முகங்களை அவள் நேராகப் பார்த்தது அன்றுதான். கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள்.

"இந்த நாற்காலி கெட்ட நாற்காலி. எனக்குத் தெரிஞ்சும் நல்லா இருக்குன்னு சொன்னேன். அது பொய். கிரீட்யே அக்கா கிட்ட மட்டும் மன்னிப்புக் கேக்குறேன்," என்றாள். போதகர் ஆமென் சொல்ல வாயைத் திறந்தார். அவள் நிறுத்தவில்லை.

"அறிக்கைன்னா முழுசா சொல்லணும்னு எங்கப்பா சொல்லுவாரு. அதனால மத்ததையும் சொல்லிடறேன்."

முதல் நாற்காலியிலிருந்து தொடங்கினாள். அது எந்த வருடம் என்று சொல்லவில்லை. அதில் அவளுக்கு எங்கே வலித்தது என்று சொன்னாள், எந்த வளைவை மாற்றினாள் என்று சொன்னாள். அடுத்தது. அடுத்தது. சாக்பீஸ் இல்லாத கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள். நியூயார்க்கில் கண்ணாடிக் கட்டிடத்தில் நிற்கும் நாற்காலியின் முதுகு ஏன் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று எங்கள் செலரி விவசாயிகளுக்கு விளக்கினாள். குரல் உயரவில்லை. அவள் அப்பாவைப் போலவே ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் பழக்கதோஷத்தால் சபையே காகிதத்தைப் பிரித்து அடுத்த மிட்டாயை வாயில் போட்டது. இரண்டாவதில் நாங்கள் நெளியத் தொடங்கினோம். அவள் பார்த்தாள். நிதானத்தைக் கூட்டினாள். பாவ அறிக்கையை இடையில் நிறுத்த எந்த மூப்பருக்கும் அதிகாரம் இல்லை.

எல்லாம் சொன்ன பிறகு மூன்றாம் வரிசை ஓரத்தைப் பார்த்தாள். "இவ்வளவும் நல்லா இருக்குன்னு சொன்னது நான்தான். அதெல்லாம் பொய் இல்ல. பொய் சொன்னது ஒரு தடவைதான். ஏன் சொன்னேன்னு என் புருஷனுக்குத் தெரியும்."

லோவெல் எங்கேயும் பார்க்கவில்லை. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

நாற்காலிகளை மாற்ற வேண்டும் என்ற தீர்மானம் அந்தக் கோடையில் வந்து தோற்றது. ஒன்றுகூட உடையவில்லை; ஒட்டு விடவில்லை; என் கை வேலை அது. கிரீட்யேவுக்கு மட்டும் பழைய பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். மற்றவர்கள் இன்றுவரை அவற்றில்தான் உட்கார்கிறார்கள்.

லோவெல் அதன்பின் புதிய நாற்காலி எதையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. என்னை உட்காரச் சொன்னான், நான் உட்கார்ந்தேன், வலிக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரிந்தது. பெயர் இருந்தது, விற்பனையும் கொஞ்ச நாள் இருந்தது. அந்த நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆர்கன் பெஞ்சு பறிபோனதால் அலெய்டாவும் கணவன் பக்கத்தில், மூன்றாம் வரிசையில், அதே நாற்காலியில் வந்து உட்கார வேண்டியதாயிற்று. மூப்பர்கள் யோசித்துக் கொடுத்த தண்டனை அல்ல அது; தானாக அமைந்தது. முதல் ஞாயிறு ஊரே அவளைத்தான் பார்த்தது. நான் அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன். முதல் பெப்பர்மிண்ட் கரைந்தது. இரண்டாவதில் எங்கள் வரிசை நெளிந்தது, லோவெல் நெளிந்தான். அவள் முதுகு அசையவில்லை. வலி எப்போது, எங்கே வரும் என்று அங்கே எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அவள்.

மூன்றாவது மிட்டாயின்போது லோவெல் அவள் பக்கம் தலையைச் சாய்த்தான். பின்கட்டுப் பட்டறையில் கேட்கும் அதே குரலில், மிகத் தாழ்ந்து, "எங்க?" என்றான்.

அவள் பிரசங்க மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்கயும் இல்ல," என்றாள். "நல்லா இருக்கு."